மங்கிப்போன அலாய் வீலை மீட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைகளில் அலாய் வீல் என்று விற்கப்படுவது பெரும்பாலும் சிலிக்கானும் சிறிது மெக்னீசியமும் கலந்த வார்ப்பு அலுமினியம். அது எளிதில் வீணாகிற உலோகம் அல்ல. அதன்மேல் இருக்கும் பூச்சுதான் முதலில் கெடுகிறது. பூச்சைப் பற்றித் தெரியாமல் கைவைத்தால் நல்ல வீலும் கெட்டுவிடும்.

என் வீலில் பூச்சு இருக்கிறதா, வெறும் அலுமினியமா? எப்படித் தெரிந்துகொள்வது?

வீலின் உள்பக்கம், கண்ணில் படாத ஓரிடத்தை நன்றாகக் கழுவித் துடையுங்கள். வெள்ளைப் பனியன் துணியில் மிளகு அளவு மெட்டல் பாலிஷ் எடுத்து, அந்த இடத்தில் பத்து விநாடி தேய்த்துவிட்டுத் துணியைப் பாருங்கள். மை தொட்டதுபோல் கறுத்திருந்தால் நீங்கள் தேய்த்தது வெறும் அலுமினியம். பாலிஷின் நிறமே துணியில் இருந்தால், அல்லது லேசாகச் சாம்பல் அழுக்கு மட்டும் ஒட்டியிருந்தால், மேலே கிளியர் கோட் என்னும் நிறமில்லாத மேல்பூச்சு இருக்கிறது. உள்பக்கம் பெயின்ட், முகம் மட்டும் லேத்தில் கடைந்தது என்று வருகிற வீல்களும் உண்டு. அதனால் முகப்பிலும் நட்டு ஓரமாக ஒரு சிறு புள்ளியில் இதையே செய்து பார்த்துவிடுங்கள்.

கார் கம்பெனியிலிருந்து வரும் அலாய் வீல்களில் மிகப் பெரும்பாலானவை பெயின்ட் அடித்துக் கிளியர் கோட் போட்டவைதான். முகம் மட்டும் பளபளக்க, உள்ளிடுக்குகள் கறுப்பாக இருக்கும் டைமண்ட் கட் வீலிலும் அந்தப் பளபளப்புக்கு மேல் கிளியர் கோட் உண்டு. பூச்சே இல்லாத வீலைப் பழைய கார்களிலும், வெளியில் வாங்கி மாட்டிய செட்டுகளிலும்தான் பார்க்கலாம். கண்ணாடிபோல் முகம் தெரிகிற குரோம் வீல் வேறு ரகம். அதற்கு ஷாம்பு மட்டும் போதும், தேய்ப்பு வேலை எதுவும் கூடாது.

தினமும் துடைத்தும் ஏன் மங்குகிறது?

தினமும் உலர்ந்த துணியால் துடைப்பதே ஒரு காரணம். வீலில் படிவது வெறும் மண் தூசி இல்லை. பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கிலிருந்து பொடிப்பொடியாகத் தேய்ந்து வரும் இரும்பும், பிரேக் பேடின் பிசினும் சேர்ந்து சூடாகவே வந்து ஒட்டுகின்றன. முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட வேகமாகக் கறுப்பது இதனால்தான், பிரேக் வேலையில் பெரும்பங்கு முன்பக்கம் நடக்கிறது. அந்த இரும்புப் பொடியை உலர்ந்த துணியால் தேய்ப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான்.

சரியாகக் கழுவும் முறை என்ன?

வண்டி நின்று அரைமணி நேரமாவது ஆகட்டும். புறங்கையை வீலில் வைத்தால் சூடு தெரியக் கூடாது. சூடான வீலில் எந்தத் திரவமும் உடனே காய்ந்து கறையாக நின்றுவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு வீல்தான். முதலில் வேகமான நீரால் மண்ணை அடித்து வெளியேற்றுங்கள். 10 லிட்டர் வாளியில் 30 மில்லி கார் ஷாம்பு கலந்து, மிருதுவான பிரஷால் முகம், ஆரங்களின் பின்புறம், நட்டுக் குழிகள் என்று உள்ளிருந்து வெளியே வாருங்கள். பிரஷை அலச இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர் இருக்கட்டும். வீலுக்கென்று வைத்த வாளியும் துணியும் பாடி பக்கம் போகவே கூடாது, அதிலுள்ள இரும்புத் தூள் பெயின்டில் வட்டக் கீறல் போடும். கடைசியாகத் துடைத்து உலர்த்துங்கள். வெயிலில் தானாகக் காயட்டும் என்று விட்டால் அடுத்த கேள்விகளில் ஒன்று உங்களுடையதாகிவிடும்.

கழுவிய பிறகும் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் நிற்கின்றன. துருவா?

துருதான், ஆனால் வீல் துருப்பிடிக்கவில்லை. பூச்சுக்குள் பதிந்த பிரேக் இரும்புதான் துருப்பிடித்திருக்கிறது. இதற்கு அயர்ன் ரிமூவர் என்று கேட்டு வாங்குங்கள். ஆசிட் இல்லாத, பிஹெச் நடுநிலை என்று போட்டிருப்பதாக இருக்கட்டும். ஈரம் துடைத்த குளிர்ந்த வீலில் நிழலில் தெளித்தால், இரண்டு நிமிடத்தில் புள்ளியிருந்த இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். இரும்போடு அது சேர்ந்து கரைக்கிற அடையாளம் அது. அழுகிய முட்டை போன்ற நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். கையுறை போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

ஒரு வீலுக்கு 50 முதல் 80 மில்லி வரை ஆகும். மூன்று, நான்கு நிமிடம் விட்டு, பிரஷால் ஒருமுறை கிளறி, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். ஊதா நிறம் காய்ந்து போனால் அதுவே கறையாகும். பாதிப் புள்ளிகள் மிஞ்சினால் இன்னொரு முறை தெளிக்கலாம். நேரத்தை நீட்டிப் பயனில்லை.

புளி, எலுமிச்சை, கழிவறை ஆசிட், சோடா உப்பு… வீட்டில் இருப்பதைக் கொண்டு செய்யலாமா?

இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அலுமினியப் பானையில் வெறும் தண்ணீர் கொதித்தால் உள்ளே கறுத்துவிடும் என்று ஒரு துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சை மூடியோ போடுவது நம் வீட்டு வழக்கம். கடின நீரின் காரத்தன்மையில் அலுமினியம் கறுக்கிறது, லேசான புளிப்பு அதைத் தடுக்கிறது. வீலுக்கும் விதி இதுதான். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே உருவாகும் ஆக்சைடு படலம் பிஹெச் 4-க்கும் 8.5-க்கும் இடையில் நிலையாக இருக்கும். கடுமையான அமிலமும் கடுமையான காரமும் அதைக் கரைத்துவிடும்.

ஆகவே கழிவறை ஆசிட் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெறும் அலுமினியத்தைச் சில நிமிடங்களில் வெளுத்துப் பொரிபொரியாக்கும். பூச்சுள்ள வீலிலும் சிறு கீறல் வழியாக உள்ளே இறங்கி, மாதங்கள் கழித்துப் பூச்சைத் தூக்கும். நட்டும் டிஸ்க்கும் துருப்பிடிப்பது தனிக் கணக்கு. காஸ்டிக் சோடா கலந்த அடுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிகள் அதைவிட மோசம், அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவை விடும். சோடா உப்பும் மென்மையானதென்று தோன்றினாலும் காரம்தான்.

சில வாட்டர் வாஷ் நிலையங்களில் பெயர் ஒட்டாத கேனிலிருந்து வீலில் ஒன்றை அடிப்பார்கள், அழுக்கு நுரைத்துக்கொண்டு ஓடும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ கலந்தது என்றால் அது வீலுக்கு மட்டும் கேடல்ல. தோலில் பட்டபோது வலி தெரியாமல் உள்ளே இறங்கி எலும்புவரை போகும், உயிருக்கே ஆபத்து. கேனில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வீலுக்கு ஷாம்பு மட்டும் போடச் சொல்லுங்கள். அடிக்கிற பையனின் கைக்காகவும்தான் இதைச் சொல்கிறோம்.

புளியும் பாத்திரம் தேய்க்கும் தூளும்? புளிப்பு பரவாயில்லை, கூடவே தேய்க்கும் நாரும் தூளும்தான் கீறும். பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லது கிளியர் கோட்டுக்கு நல்லதல்ல.

போர் தண்ணீரில் கழுவி வெள்ளை வட்டங்கள் படிந்துவிட்டன.

அது சுண்ணாம்பு உப்பு, ஷாம்பு அசைக்காது. சமையல் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியை நனைத்து, கறைமேல் இரண்டு நிமிடம் போர்த்தி வையுங்கள். எடுத்து நன்றாக அலசி, ஷாம்பு போட்டு மறுபடி கழுவுங்கள். மூன்று முறைக்கும் போகாவிட்டால் உப்பு பூச்சை அரித்துக் குழியாக்கிவிட்டது என்று பொருள். அதற்குப் பாலிஷ்தான் வழி. இனிமேல் கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு வாளி ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் கறையாகிவிட்டன.

சந்தனம் கழுவினால் போய்விடும், குங்குமச் சாயம்தான் பிடிக்கும். பூச்சுள்ள வீலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியை மாற்றி மாற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் சாயம் பரவும். அதன்பிறகும் இளஞ்சிவப்பு நிழல் தெரிந்தால் ஃபைன் பாலிஷ் கொஞ்சம் போதும். அடுத்த ஆண்டு பொட்டை டயரின் பக்கவாட்டில் வைத்தால் வீலும் தப்பும்.

தார் ஒட்டியிருக்கிறது.

பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்ப்பன்டைனைத் துணியில் தொட்டு ஒரு நிமிடம் வைத்துத் துடையுங்கள். தின்னர் வேண்டாம், அது பூச்சையும் இளக்கும். டயரில் வழியாமல் பார்த்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள்.

கறை எல்லாம் போய்விட்டது. ஆனாலும் பளபளப்பு இல்லை, பால் படிந்ததுபோல் இருக்கிறது.

கிளியர் கோட்டின் மேற்பரப்பு நுண்ணிய கீறல்களால் மங்கியிருக்கிறது. பூச்சு உரியாமல் இருக்கிறவரை இதைக் கையாலேயே மீட்கலாம். மீடியம் கட் காம்பவுண்டை (நடுத்தரமாகத் தேய்க்கும் பாலிஷ் களிம்பு) ஃபோம் பேடில் பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை அகல இடத்தில் ஒரு நிமிடம் தேய்த்து, துடைத்துப் பாருங்கள். இரண்டாம் சுற்று ஃபைன் பாலிஷ். கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான், தலைமுடியின் பருமன்கூட இல்லை. ஆரங்களின் கூரான விளிம்பில் அது இன்னும் மெல்லியது, அங்கே அழுத்தித் தேய்த்தால் அடியிலுள்ள சில்வர் துணியில் வந்துவிடும். ட்ரில்லில் மாட்டும் பாலிஷ் பந்தை இந்த விளிம்புகளில் ஓட்டவே கூடாது.

பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் வெள்ளைக் கோடுகள். இது என்ன?

வீலை மங்கவைக்கும் கோளாறுகளில் முக்கியமானது இதுதான். கல் தெறித்தோ, பஞ்சர் கடையில் லீவர் பட்டோ, பாலன்சிங்குக்காக விளிம்பில் கிளிப் வெயிட் அடித்தோ பூச்சில் ஓர் ஊசிமுனை அளவு ஓட்டை விழுகிறது. அதன் வழியாக ஈரமும் உப்பும் இறங்குகின்றன. உள்ளே அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, பூச்சைத் தூக்கிக்கொண்டே நூல்போல் முன்னேறுகிறது. நூலின் நுனியில் அரிப்பு நடந்துகொண்டிருக்கும், பின்னால் விட்டுப்போன வால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றால் இது சீக்கிரம் வரும். டைமண்ட் கட் வீலில் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் கடைந்த முகத்தில் பிரைமர் கிடையாது, கிளியர் நேராக உலோகத்தின்மேல் நிற்கிறது.

மேலே எந்தப் பாலிஷ் போட்டாலும் இது போகாது, கோளாறு பூச்சுக்கு அடியில். பாதித்த இடத்தில் பூச்சை முழுவதும் எடுக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும் கோட்டையும் தாண்டி எல்லாப் பக்கமும் 2 செ.மீ. வரை. 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, கடைசி வெள்ளைப் புள்ளி மறைந்து உலோகம் ஒரே நிறமாகத் தெரிகிறவரை தேயுங்கள். கண் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குண்டூசித் தலை அளவு கருங்குழி ஒன்று மிஞ்சினாலும் அதில் உப்பு இருக்கிறது, ஆறு மாதத்தில் அங்கிருந்தே திரும்பக் கிளம்பும். தேய்த்தபின் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, ஹாட் ஏர் கன் காட்டி ஈரத்தை முழுக்க விரட்டுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து அங்கே புது அரிப்பைத் தொடங்கும்.

பெயின்ட் அடிக்கும் முறையைச் சொல்லுங்கள்.

டயரைக் கழற்றிவிடுவது நல்லது. முடியாவிட்டால் காற்றை இறக்கி, டயருக்கும் விளிம்புக்கும் இடையே விசிட்டிங் கார்டுகளை வரிசையாகச் செருகி மறைக்கலாம். வால்வையும் மறையுங்கள்.

பாதித்த இடத்தை 320, பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரால் ஒரு சொட்டு ஷாம்பு விட்ட தண்ணீரில் தேயுங்கள். உரியாத பழைய பூச்சையும் 600-ல் மங்கலாக்க வேண்டும், அப்போதுதான் புதியது பிடிக்கும். நகம் வைத்துப் பார்த்தால் பழைய பூச்சின் விளிம்பு தட்டுப்படக் கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு கைபடாமல் பாருங்கள், விரல் எண்ணெய் போதும் பெயின்ட் குழி விழ.

வெறும் அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் அல்லது எபாக்சி பிரைமர்தான். சாதாரண சாம்பல் பிரைமர் அலுமினியத்தில் சரியாக ஒட்டாது, ஒரே மழைக்காலத்தில் ஏடு ஏடாக வரும். தேய்த்த உலோகத்தை ராத்திரி விட்டுவைக்காமல் அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். 20 முதல் 25 செ.மீ. தள்ளி, மெல்லிசாக இரண்டு கோட், இடையில் 10 முதல் 15 நிமிடம். அதன்மேல் வீல் சில்வர் மூன்று மெல்லிய கோட், பிறகு கிளியர் இரண்டு கோட். நான்கு வீலுக்கு 400 மில்லி டப்பாவில் பிரைமர் 2, சில்வர் 3, கிளியர் 3 வாங்கினால் தாராளம்.

கிளியரில் டூ-கே என்று ஹார்டனர் சேர்ந்து வருவது பிரேக் ஆயிலுக்கும் பெட்ரோலுக்கும் தாங்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரணத் துணி மாஸ்க் போதாது, கெமிக்கல் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் திறந்த வெளியும் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். சாதாரண கிளியரில் அந்த ஆபத்து இல்லை, ஆனால் ஆயுள் குறைவு.

மழை நாளிலும் அதிகாலையிலும் அடித்தால் காற்றின் ஈரம் பட்டு கிளியர் பால்போல் வெளுக்கும். காலை 10 மணிக்கு மேல், மதியம் 3 மணிக்குள், நிழலில் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ஒன்றை மறக்க வேண்டாம். ஹப்போடு (வீலை மாட்டும் அச்சு முனை) ஒட்டும் பின்முகத்திலும், நட்டு உட்காரும் கூம்புக் குழியிலும் புதுப் பெயின்ட் படக் கூடாது. அங்கே படிந்த பெயின்ட் ஓட்டத்தில் நசுங்கும், நசுங்கியதும் நட்டின் இறுக்கம் தளரும். அழகுக்காகச் செய்த வேலையில் சக்கரம் கழன்றுவிடலாம்.

வெறும் அலுமினிய வீலைக் கண்ணாடியாக்க?

பொறுமை வேண்டும், ஒரு வீலுக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். 400, 600, 800, 1000, 1500, 2000 என்று நம்பர் வரிசையில் ஈரத் தேய்ப்பு. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றுங்கள், முந்தைய நம்பரின் கோடு முழுக்க மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். பாலிஷ் போட்டபின் தெரிகிற ஆழமான கோடுகள் பெரும்பாலும் 400-லிருந்து 800-க்குத் தாவியவர்களுடையவை.

2000 முடிந்து தொட்டுப் பார்த்தால் பட்டுப்போல் இருக்கும், சாம்பலாகத் தெரியும். அங்கிருந்து மெட்டல் பாலிஷைப் பனியன் துணியில் எடுத்துச் சிறு வட்டமாகத் தேயுங்கள். துணி கறுத்துக்கொண்டே வரும், கறுத்த களிம்பு காய்வதற்குள் வேறு சுத்தத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் மெஷின் போட்டால் பறக்கும் அலுமினியத் தூள் எளிதில் தீப்பற்றும். இரும்பு அரைக்கும் கிரைண்டர் பக்கத்தில் அந்த வேலை வேண்டாம்.

டைமண்ட் கட் வீலை வீட்டில் சரிசெய்யலாமா?

முகத்தின் நுண்வளையக் கோடுகளைக் கையால் போட முடியாது. கணினி இயக்கும் சி.என்.சி. லேத்தில் மெல்லிய ஏடாகக் கடைந்து, புதிதாகக் கிளியர் போட வேண்டும். ஒவ்வொரு கடைசலிலும் உலோகம் குறைவதால் ஒரு வீலுக்கு இரண்டு, மூன்று தடவைதான் தாங்கும். கடற்கரையில் குடியிருப்பவர்கள் மறுபடி கடைவதைவிட முழுதும் பெயின்ட் வீலாக மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து.

பவுடர் கோட்டிங்?

பெயின்ட் பொடியைத் தூவி ஓவனில் சுட்டுப் படியவைக்கும் பூச்சு இது. உறுதியானது, ஆனால் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பழைய பூச்சை எப்படி எடுப்பீர்கள்? ஓவனில் எரித்து என்றால் வேண்டாம். ஓவன் எத்தனை டிகிரி? 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. அலாய் வீலின் பலம் வெப்பப் பதனிடலில் வருகிறது, அதிகச் சூட்டில் நீண்ட நேரம் கிடந்தால் அந்தப் பலம் குறையும், வெளியே தெரியாது. வெடிப்பு விட்ட வீலை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம் என்பதற்கும் இதே காரணம். ஆரத்தில் வெடிப்பு என்றால் அந்த வீலின் வேலை முடிந்தது. டயர், வால்வு, காற்றழுத்த சென்சார் மூன்றையும் கழற்றிய பிறகே கோட்டிங்குக்குப் போக வேண்டும்.

நடைபாதைக் கல்லில் உரசிய விளிம்பு?

1 மி.மீ.க்குள் இருந்தால் மெல்லிய அரத்தால் நெருட்டைத் தட்டி, 220-லிருந்து 400 வரை தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். அதற்கு மேல் ஆழமென்றால் அலுமினியத் தூள் கலந்த எபாக்சி பட்டியை நிரப்பித் தேய்க்கலாம், அதுவும் அழகு விளிம்பில் மட்டும். டயர் உட்காரும் இடத்தில் பட்டி கூடாது. உரசலோடு ஸ்டீயரிங்கும் ஆடினால் முதலில் பாலன்சிங் மெஷினில் வீல் நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பஞ்சர் இல்லை, ஆனாலும் வாரம் 3, 4 பி.எஸ்.ஐ. குறைகிறது. இதற்கும் அரிப்புக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. டயர் ஓரம் வீலோடு பொருந்தும் இடத்தில் அரிப்பு வந்தால் வெள்ளைச் சொரசொரப்பின் வழியாகக் காற்று கசியும். விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டால் பொடி நுரையாகக் கொப்பளிக்கும். டயரைப் பிரித்து, அந்த வளையத்தை நைலான் தேய்ப்பானால் வழவழப்பாக்கி, பீட் சீலர் (டயர் ஓரத்தின் கசிவை அடைக்கும் பசை) பூசி ஏற்றச் சொல்லுங்கள். அப்படியே விளிம்பில் அடிக்கும் கிளிப் வெயிட்டுக்குப் பதில், உள்பக்கம் ஒட்டும் வெயிட் வைக்கச் சொல்லுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது?

ஹப்பின் துருவைத் துடைத்து, நடு வளையத்தில் மட்டும் ஆன்டி சீஸ் என்னும் ஒட்டாமல் தடுக்கும் பசையை மெல்லியதாகப் பூசினால் அடுத்த முறை வீல் ஒட்டிக்கொள்ளாது. நட்டுத் திரெட்டில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், இறுக்கக் கணக்கு தவறும். நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வடிவில் இறுக்குங்கள். பல கார்களுக்கு 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை சொல்வார்கள், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் சரி. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) வைத்து மறுபடி பாருங்கள்.

திரும்ப மங்காமல் இருக்க?

பூச்சுள்ள வீலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிந்தெடிக் சீலன்ட் (செயற்கைப் பாதுகாப்புப் படலம்) பூசுங்கள். கார்னாபா மெழுகு 80 டிகிரிக்குச் சற்று மேலேயே உருகிவிடும், மலைப்பாதையில் பிரேக் பிடித்து இறங்குகிற வண்டியில் அது நிற்காது. வெறும் அலுமினியத்துக்கு மாதம் ஒருமுறை மெட்டல் பாலிஷும் அதன்மேல் சீலன்டும். கடலோரம் ஓட்டினால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் அலசல், முகத்துக்கு மட்டுமல்ல, உள்வளையத்துக்கும். கல் தெறித்த புள்ளி எதுவாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே துடைத்துக் காயவைத்து, தீக்குச்சி முனையில் ஒரு சொட்டு கிளியர் தொட்டு வையுங்கள்.